மூன்று தடவை முத்து போட்ட அத்தை

என் மாமியார் பவுனம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். வேலை நாளில் மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்றுகொண்டே வேலை. சும்மா இருக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் சும்மா இல்லாததைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என் கணவர் ராதாகிருஷ்ணன் பந்திங்கிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றும் லோரி ஓட்டினார். பாதி நாள் அவர் சாலையில்தான் இருப்பார். ஆக, மலேசியாவின் கிள்ளானில், கம்பம் என்று சொல்கிற குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் நானும் அத்தையும் முட்டிக்கொள்வதற்கு இடத்துக்கும் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை.

கம்பத்தில் அத்தைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அம்மா இரண்டு தடவை வந்து பார்த்த உடம்பு அது. அம்மை போட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அங்கே முறைப்பார்கள். அம்மா வந்தாள், முத்து போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் தடவை தோட்ட வேலையில் இருந்தபோது. என் கணவருக்கு அப்போது நடக்கிற வயது, காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாராம். "எம்புள்ளைய விட்டுட்டு என்கிட்ட வா தாயி" என்று அத்தை மாரியம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. அத்தைக்கு உடம்பெல்லாம் முத்து போட்டது. வாய்க்குள் எல்லாம் புண்ணாகி, தோல் உரிந்து, பிழைத்ததே பெரிய விஷயம் என்பார்கள். இரண்டாவது தடவை கிள்ளானுக்குக் குடிவந்த பிறகு, கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதன் பிறகு ஆடி மாதப் பால்குடத்தில் முதல் குடம் அத்தையுடையதுதான் என்று ஆகிவிட்டது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அத்தை நின்றுகொண்டே திருநீறு பூசி அனுப்புவார்.

எனக்கு இதில் பாதி நம்பிக்கை, பாதி எரிச்சல். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் பந்திங்கில் அத்தையின் அண்ணன் வேலாயுதம் குளியலறையில் விழுந்துவிட்டார். ரத்த அழுத்தம் இருந்தது அவருக்கே தெரியாது. ஒரு பக்கம் கை கால் போய், வாய் கோணி, பேச்சும் போய்விட்டது. நாங்கள் பார்க்கப் போயிருந்தபோது அவர் மகள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டியதில் பாதி கன்னம் வழியாக வழிந்தது. அத்தை அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி கெடக்கறதுக்கு ஒரேயடியா போயிடலாம் வள்ளி" என்றார்.

அடுத்த வாரமே தனியாக அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் வந்தார். அழுத்தம் மிக அதிகம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பில் இருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற சின்ன மாத்திரை. காலையில் ஒன்று. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கேட்டதற்கெல்லாம் மலாயிலேயே பதில் சொன்னதாக வீட்டுக்கு வந்து ஒரே பெருமை. "ஊபாட்ல மசாலா இருக்கான்னு கேட்டுச்சு. தாக் அடான்னுட்டேன்" என்றார். ஊபாட் என்றால் மலாயில் மருந்து, மசாலா என்றால் பிரச்சினை. மருந்தால் பிரச்சினை ஏதும் உண்டா என்று மிஸ்ஸி கேட்டதாக அத்தை எடுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறார். மிஸ்ஸி கேட்டது மசாலா இல்லை, ஆலா. மருந்து ஏதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்பதற்கு மலாயில் அந்தச் சொல். இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. அழுத்தம் இறங்கியது. ஒரே தொல்லை, அடிக்கடி ஒன்றுக்கு வந்தது. தொழிற்சாலையில் வரிசையை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்குவாளாம். அத்தை அவளைத் திட்டிக்கொண்டே மாத்திரையை விடாமல் போட்டார். அண்ணனின் கோணிய வாய் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதே மாதம் ஒரு நாள் கையைச் சொறிந்துகொண்டே வேலையிலிருந்து வந்தார். மறுநாள் கழுத்து, மார்பு எல்லாம் சிவந்து தடித்தது. பிறகு உதடு வீங்கி, வாய்க்குள் புண்ணாகி, முதுகில் கொப்புளம் கிளம்பியது. பக்கத்து வீட்டு இராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா மூன்றாவது தடவையும் வந்துவிட்டாள் என்று மாலைக்குள் கம்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு கிடையாது, தலை சீவக்கூடாது, கூழும் இளநீரும்தான் சாப்பாடு. அம்மா வீட்டில் இருக்கும்போது மருந்து மாத்திரை வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். வைத்தால் அம்மா கோபித்துக்கொள்வாள். பிரஷர் மாத்திரை டப்பாவை அத்தையே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

எனக்கு வீட்டில் நிலைகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் எல்லோரும் என்னையே முறைத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாரே, அழுத்தம் ஏறுமே, அண்ணனைப் போல ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் இந்த முத்தே எனக்குப் பிடிபடவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னதுகள், சொன்னால் கேட்காமல் பாட்டியின் பாயிலேயே உருண்டதுகள். ஒன்றுக்கும் ஒரு கொப்புளம் வரவில்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பிள்ளை தப்பவில்லை. அதுவும் ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவதே அபூர்வம் என்று பள்ளியில் படித்திருந்தேன். அத்தைக்கு மட்டும் மூன்று தடவையா?

இதை வாய்விட்டுச் சொன்னேன். "எல்லாருக்கும் வர்றதுக்கு அவ என்ன பஸ்ஸா?" என்றார் அத்தை, புண் வாயோடு. அந்த வலியிலும் அவருக்கு என்னை மடக்க வேண்டும்.

கொப்புளம் வாடியது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. கண் மட்டும் சிவந்து, தலை கனக்கிறது, பின்கழுத்து இழுக்கிறது என்றார். பிரஷர் ஏறிவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஈரத்தலையோடு அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா போய்விட்டாள், இனி மருந்தைத் தொடங்கலாம் என்பது அவர் கணக்கு.

என்ன தோன்றியதோ, நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதானே இது வந்தது, போன தடவை வந்தபோது என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அத்தையின் முகம் சட்டென்று மாறியது. ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அது பொய் என்று அந்த முகமே சொன்னது. அழுத்தமும் ஏறியிருக்கிறது, மாத்திரையும் போடக்கூடாது என்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கத்தினார். டாக்டரைக் கேட்போம் என்று நானும் கத்தினேன். டப்பாவைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டேன். மாத்திரை வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவள் பார்க்கிற லேடி டாக்டர் குணபூசணி யாழ்ப்பாணத்துக் குடும்பம், பொறுமையானவர். பஸ் முழுக்க அத்தை ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். இரண்டு பஸ் மாறுவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. எந்த நிமிடமும் இந்த மனுஷி என் தோளில் சாய்ந்து வாய் கோணிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு என் கைப்பையிலிருந்த டப்பாவை வாங்கிப் படித்தார்.

"உங்களுக்கு மருந்து ஏதும் ஒவ்வாமை இருக்கோ?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற சொல்லை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. மலாயில் கேட்டாலும் அவருக்குப் பிடிபடவில்லை, தமிழில் கேட்டாலும் பிடிபடவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. மருந்து குடித்த பிறகு எப்போதாவது உடம்பெல்லாம் தடித்துக் கொப்புளம் போட்டதா என்று மாற்றிக் கேட்டார்.

"அது மருந்தால இல்ல டாக்டர். எனக்கு அம்மா மூணு தடவ வந்திருக்கா" என்றார் அத்தை.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் போகவில்லை, கதவோரம் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அம்மா வருவதற்கு முன்னால் உடம்புக்கு என்ன என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். அத்தை கொஞ்ச நேரம் சேலை நுனியை முறுக்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தோட்டத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அவருக்கும் சளிக் காய்ச்சல். மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர், பிள்ளைக்குத் தண்ணி மருந்தும் அவருக்கு வெள்ளை மாத்திரையும் கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், ரத்தம். ஆம்பிளை டாக்டரிடம் சொல்லவே கூசி, கடைசியில் சொல்லிப் பெரிய பெரிய வெள்ளை மாத்திரைகள் வாங்கி விழுங்கியிருக்கிறார். கும்பாபிஷேக நேரத்தில் போய் இதை யாரிடம் சொல்வது? மறைத்துவிட்டார். இத்தனை வருஷம் அந்த வெட்கத்துக்குள்ளேதான் விஷயம் ஒளிந்திருந்தது.

டாக்டர் விளக்கினார். தோட்டத்து வெள்ளை மாத்திரையும் எரிச்சலுக்குத் தந்த பெரிய மாத்திரையும் அநேகமாக சல்பா என்ற ஒரே இனம். பிரஷருக்குத் தந்த நீர் மாத்திரை அதற்குத் தூரத்துச் சொந்தம்.

"சல்பா ஒத்துவராத ஆக்கள் எல்லாருக்கும் இந்தத் தண்ணி மாத்திரை ஒத்துவராது எண்டில்லை. கனபேர் ஒரு கரைச்சலும் இல்லாமல் போடுகினம். ஆனா உங்களுக்கு வாயும் புண்ணாகித் தோலும் உரிஞ்சிருக்கு. அப்படி வந்த ஆளிலை நான் சோதிச்சுப் பாக்கேலாது. திரும்பப் போட்டிருந்தா இந்த முறை உயிருக்கே ஆபத்தாப் போயிருக்கும்" என்றார்.

அந்தக் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்? அத்தை மட்டும் அசரவில்லை. சல்பா என்றால் கந்தகம்தானே, கையுறை ரப்பரில் கந்தகம் கலக்கிற இடத்தில் வருஷக்கணக்காக நிற்கிறேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று டாக்டரையே மடக்கினார். நல்ல கேள்வி என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். பெயர் ஒரே மாதிரி கேட்டாலும் கந்தகம் வேறு, சல்பா மருந்து வேறு, கந்தகத்தால் இது வராது என்றார். அதற்கு மேல் அத்தையிடம் கேள்வி இல்லை.

நெஞ்சுத் துடிப்பைக் கொஞ்சம் மெதுவாக்கி அழுத்தத்தைக் குறைக்கிற வேறு மாத்திரை எழுதித் தந்தார். அது இந்த இனமில்லை. உடம்பில் ஏதாவது தடித்தால் உடனே வர வேண்டும், ஆனால் யார் சொன்னாலும் தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது என்றார். நிறுத்தினால் அண்ணனுக்கு வந்ததுதான் இவருக்கும். ஒரு சின்ன அட்டையில் சல்பா ஆகாது என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதி, எங்கே போனாலும் இது கூடவே இருக்கட்டும், மருந்து தருபவர் யாராக இருந்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னலைத் தொடவில்லை. அது எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. ஷா ஆலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எம்புள்ளைய யாரு வள்ளி காப்பாத்துனது?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன்.

புதிய மாத்திரை ஒத்துக்கொண்டது. அத்தை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஆனால் கோயிலில் கதை மாறவில்லை. மூன்று தடவை வந்தாள் என்று இராஜம்மாள் எடுத்துக்கொடுக்க, அத்தை ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதை போகட்டும், அட்டை? அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அம்மா பார்த்துக்கொள்வாள் என்பார். சல்பா என்று ஒருமுறை வாயால் சொல்லிக் காட்டுங்கள் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். உதட்டை இறுக்கிக்கொண்டு வாசல் கூட்டப் போய்விடுவார். அந்தச் சொல்லைச் சொன்னால் மகனைக் காப்பாற்றிய கதை பொய்யாகிவிடும் என்று அவருக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை. என்றைக்காவது, நான் பக்கத்தில் இல்லாதபோது யாராவது ஒரு மாத்திரையை நீட்டுவார்கள், இவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற நினைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அந்த நாளும் வந்தது. தொண்ணூற்றிரண்டில், தொழிற்சாலையில் காலில் கீறியதை அத்தை கவனிக்காமல் விட்டு, புரையோடிக் காய்ச்சல் ஏறி, வரிசையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஷா ஆலத்தில் நான் வேலை செய்த ஸ்டோருக்குப் போன் வந்தது. என் கணவர் லோரியோடு எந்தச் சாலையில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அட்டை வீட்டில், படத்துக்குப் பின்னால். அதை எடுத்துக்கொண்டு போவதா, நேரே போவதா? புண்ணுக்கும் சீழுக்கும் சல்பா மருந்தும் கொடுப்பார்கள் என்று நினைத்ததுமே நேரே போய்விட்டேன். டாக்சி கிடைக்கவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஏறுகிறவர்கள் மேல், இறங்குகிறவர்கள் மேல், டிரைவர் மேல் எல்லாம் எனக்கு ஆத்திரம். "போஸ், கொஞ்சம் சீக்கிரம் போங்க லா" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கூட்டினார்.

வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். கடைசி வரிசையில் அத்தை. காலில் கட்டு, கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. போய்விட்டது, கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அந்தக் குழாயைப் பிடுங்கவே கையை நீட்டினேன். அப்போதுதான் தலைமாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். சிவப்பு மையில் பெரிய எழுத்தில், ஆலா, சல்பா.

அங்கே நின்ற மலாய்க்கார மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த ஆன்டி எங்களை விடவே இல்லை என்றாள். டாக்டர் வந்தால் சொல்கிறாராம், ரத்தம் எடுக்க வந்தவரிடம் சொல்கிறாராம், தரை துடைக்கிறவரையும் கூப்பிட்டுச் சொன்னாராம். சல்பா கொடுக்காதே, பிரஷர் தண்ணி மாத்திரையும் கொடுக்காதே, மூன்று தடவை தோல் உரிந்திருக்கிறது என்று. அம்மை போட்டதா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, ஊபாட் புஞ்ஞா பாசால் என்றாராம். எல்லாம் மருந்தால் வந்தது என்று அர்த்தம்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அத்தை காய்ச்சல் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அந்தப் புள்ள ஆலான்னு கேட்டுச்சு. இந்தத் தடவ நல்லா காதுல வாங்குனேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார். "எம்புள்ளைய அவதான் காப்பாத்துனா வள்ளி. அத யாரும் மாத்த முடியாது. என்னைய நான்தான் பாத்துக்கணும்."

நான் தலையாட்டினேன். அவர் என் கையை இழுத்து, பக்கத்துக் கட்டில்காரி கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"கோயில்ல போயி சொல்லிடாத."

கால் ஆறியது. அடுத்த ஆடியில் முதல் பால்குடம் அத்தைதான் எடுத்தார். அவர் சுருக்குப் பையில் அந்த அட்டை இருந்தது. வெயிலில் அவர் என்னை விட வேகமாக நடக்க, நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மூன்று தடவை அம்மா வந்த உடம்பு என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள். அத்தை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.